டிசம்பர் 16: வீட்டில் ஒரு கால் மணி நேரம்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் 16 வெற்றி தினம். 1971இல் அந்த நாளில்தான் டாக்காவின் ரமணா பந்தய மைதானத்தில், பாகிஸ்தான் தளபதி நியாசி, நம் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவின் முன்னிலையில் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்டார். டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கிய போர் 13 நாள்களில் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் போர்க்கைதிகளாயினர். வங்கதேசம் விடுதலை பெற்றது.

இந்த நாளைப் பள்ளியில் கொண்டாட நமக்கு நேரம் கிடைப்பதில்லை. அரையாண்டுத் தேர்வு நெருக்கும். அதனால் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் கொண்டாடச் சொல்கிறேன். "பட்டாசு வெடிக்கலாமா டீச்சர்?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. "வேண்டாம், கால் மணி நேரம் போதும், மூன்றே வேலை" என்பேன்.

முதல் வேலை, வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி: "அந்த டிசம்பரில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" திருநின்றவூரில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகாது. மின்ரயிலில் நான்கைந்து நிலையம் தள்ளி ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை. நம் ஊரார் வாயில் டேங்க் ஃபேக்டரி. விஜயந்தா டாங்கி அங்கேதான் உருவானது. படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் ஆவடியில்தான். ஒரு மாணவன் எழுதி வந்தான்: "தாத்தா சண்டைக்குப் போகவில்லை. டாங்கிக்கு வெல்டிங் செய்தார். அந்த மாதம் ஓவர்டைம்." அதுவரை அவனுக்கு அவர் பென்ஷன் வாங்கும் தாத்தா மட்டுமே.

இரண்டாவது வேலை, வரைபடத்தில் டாக்காவையும் வங்க எல்லையையும் குறிப்பது. போருக்கு முன்பே சுமார் ஒரு கோடி அகதிகள் அந்த எல்லையைத் தாண்டி இந்தியாவுக்கு வந்திருந்தார்கள். போர் ஏன் வந்தது என்பதை விளக்க இந்த எண் உதவும். தொழிற்சாலை வேலைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறாள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கியிருந்தனவாம். வகுப்பில் அதிகம் பேசாத அந்தப் பெண் அன்று பத்து நிமிடம் பேசினாள்.

மூன்றாவது வேலை, ஒரு விளக்கு ஏற்றி ஒரு பெயரைச் சொல்வது. அப்பா செகண்ட் ஷிஃப்ட் என்றால் அவர் வந்த பிறகு ஏற்றலாம். அந்தப் பெயர் அருண் கேத்தர்பால். பசந்தர் போர்முனையில், தீப்பற்றிய டாங்கியைக் கைவிட மறுத்துப் போரிட்டு உயிர்நீத்தார். வயது 21. பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவர் இறந்ததும் அதே டிசம்பர் 16. நாட்டுக்கு வெற்றி நாள். அந்த வீட்டுக்கு நினைவு நாள். இதைச் சொன்ன பிறகு யாரும் பட்டாசு கேட்பதில்லை.

இரண்டு செய்திகளில் நாம் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் "எதிரி" என்று சொல்லும்போது, பிடிபட்ட கைதிகளை நாம் பின்னர் அவர்கள் நாட்டுக்கே திருப்பி அனுப்பியதையும் சொல்லுங்கள். வென்ற பிறகு நடந்துகொள்ளும் முறையும் வெற்றியில் சேர்ந்ததுதான். அடுத்து, போர் என்றதும் வெற்றி நினைவுக்கு வராத பிள்ளைகளும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பல குடும்பங்களுக்குப் போர் என்றால் விட்டுவந்த வீடு. எனவே இதைக் கட்டாயமாக்க வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும், விரும்பாத பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

1971இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பாடநூலில் தேதிகள் இருக்கும். வெல்டிங் செய்த தாத்தாவும் திண்ணை கொடுத்த பாட்டியும் அதில் இருக்கமாட்டார்கள். அவர்களிடம் கேட்கப் பேரப்பிள்ளைகளை நாம்தான் அனுப்ப வேண்டும். இந்த டிசம்பரிலேயே அனுப்புவோம்.