வாசம் வேரில் இருக்கிறது



சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு வெயிலைப் பற்றித்தான். அழகர் வைகையில் இறங்கும் நாளில் வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். மற்ற நாளில் நமக்குத் துணை சர்பத் கடைதான். அந்த நன்னாரி சர்பத்தை வீட்டிலேயே செய்வது பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். கடையில் விற்கும் பாட்டில்களில் எசென்ஸும் நிறமும் மட்டுமே உள்ளவையும் கலந்திருப்பதுதான் இதைப் பேசக் காரணம்.

நம் சர்பத்துக்கு மேல்நாட்டிலும் ஒரு உறவு உண்டு: கிம்லெட் என்று ஒரு பானம். ஜின் என்ற மதுவும் இனிப்பு சேர்த்த எலுமிச்சைச் சாறும் கலந்தது. ஜூனிபர் என்ற செடியின் சிறு காய்கள்தான் ஜின்னுக்கு வாசம் தருகின்றன. எலுமிச்சை அதோடு சேர்ந்த கதை கப்பலில் தொடங்குகிறது. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். அதற்கு மருந்து எலுமிச்சை இனம். ஆனால் சாறு கெட்டுப்போகாமல் இருக்க அதில் மதுவைக் கலந்து வைப்பார்கள். 1867-ல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ் என்பவர், மது கலக்காமலே சாற்றைக் காப்பாற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய இனிப்புச் சாறுதான் பின்னாளில் கிம்லெட்டில் சேர்ந்தது. ஆக, அந்தக் கோப்பையிலும் பாதி சர்பத்தான்! மதுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாசம், புளிப்பு, இனிப்பு, குளிர்ச்சி. நாலும் நம் ஊரில் உண்டு. வாசத்துக்கு நன்னாரி இருக்கும்போது வேறெதுவும் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

நன்னாரி வேர் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். மதுரைக்காரர்களுக்குக் கீழமாசி வீதிப் பக்கம் என்றாலே போதும். நல்ல நன்னாரி கம்பி போல மெலிந்து, கரும்பழுப்புத் தோலோடு இருக்கும். ஒன்றை ஒடித்து மூக்கருகே கொண்டுபோங்கள். வாசம் வரவில்லையென்றால் பழைய சரக்கு, வைத்துவிடுங்கள். கொஞ்சம் தடித்து, சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக் கிழங்காக இருக்கலாம். ஊறுகாய் போடுகிறோமே, அதேதான். அதற்கும் ஏறக்குறைய இதே வாசம் என்பதால் நன்னாரிக்குப் பதிலாக விற்பதுண்டு.

100 கிராம் வேரை மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, உரலில் லேசாகத் தட்டுங்கள். தோல் பிரிந்து, உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு தெரியும். அதை உருவி எறிந்துவிடலாம். வாசமெல்லாம் தோலில்தான். 1 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு வேரைப் போட்டு, இறுக மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பலர் வேரையே போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவிடுகிறார்கள். வீடெல்லாம் மணக்கும், உண்மைதான். வீட்டில் மணப்பது பாட்டிலுக்குள் இருக்காதே! ஆவியோடு பறந்துவிடுகிற வாசம் இது.

காலையில் துணியில் வடிகட்டுங்கள். வடித்த நீர் 1 லிட்டர் இருந்தால் சீனி 1 கிலோ 850 கிராம். இவ்வளவா என்று கை பின்வாங்கும். எடையில் நூற்றுக்கு 65 பங்கு சீனி இருந்தால்தான் பாகு கெடாது. கிருமிக்கு வேண்டிய தண்ணீரைச் சீனி பிடித்துவைத்துக்கொள்கிறது. சீனியைக் குறைத்துப் போட்டால் சில நாளில் நுரைத்துப் புளித்துவிடும். மெல்லிய தீயில் சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் அழுக்கு நுரையை அள்ளிவிட்டு, எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி விட்டு இறக்குங்கள். அந்தப் புளிப்பு, பாகு பூத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும். கம்பிப் பதம் வேண்டாம், விரலில் பிசுபிசுத்தால் போதும். நிறம் கடுங்காப்பி போல் வராது, வெளிர்பழுப்பாகத்தான் இருக்கும். அதுதான் சரி. கடையில் கருஞ்சிவப்பாகத் தெரிவது கருக்கிய சீனியோ, சாயமோ.

இனி கலக்குவது. கோப்பையில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி பாகு, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சம்பழம். பழத்தைக் கடைசிச் சொட்டு வரை நசுக்காதீர்கள், தோலின் கசப்பு இறங்கிவிடும். குடிக்கும்போதுதான் பிழிய வேண்டும். பிழிந்து வைத்த சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும். ஊறவைத்த சப்ஜா விதை இருந்தால் ஒரு கரண்டி. பிறகு ஐஸ். கடைசியாகத்தான் சோடா. அதுவும் நன்றாகக் குளிர்ந்த சோடா, கோப்பையின் ஓரமாகச் சாய்த்து. சூடாக இருந்தால் வாயு நிற்காது. சோடாவை ஊற்றிய பிறகு கரண்டியைப் போட்டு ஆட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இதே பாகுதான் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவிலும் சேர்கிறது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரிப் பாகு, மேலே ஐஸ்கிரீம். வீட்டில் அதையும் செய்து பார்க்கலாம். பாகில் இருப்பதற்கு மேல் எலுமிச்சையை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், பால் திரிந்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மூலிகை வேர் என்று யார் சொன்னாலும் பாகில் மூன்றில் இரண்டு பங்கு சீனிதான். உங்களுக்கு வேர் ஊறிய தண்ணீர், எலுமிச்சை, உப்பு மூன்றும் போதும். வரும் திருவிழாவுக்குப் பந்தல் போடப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு அண்டா சர்பத்தாவது எசென்ஸ் இல்லாமல், வேர் ஊறவைத்துக் கொடுங்கள்.