கூண்டில் ஒலிக்கும் குரலும் காட்டில் அடங்கிய பாட்டும்



அங் மோ கியோவின் கெபுன் பாருவில், உயர்ந்த கம்பங்களின் உச்சியில் கூண்டுகளை ஏற்றி, மெர்போக் புறாக்களைப் பாடவிடும் வழக்கத்தை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். சாவகத்திலோ, வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை ஆகிய ஐந்தும் ஓர் ஆடவனின் நிறைவாழ்வுக்கு அடையாளம் என்பது பழைய வழக்கு. ஆகவே, கூண்டில் பறவை வளர்ப்போர் பறவைக்குப் பகைவர் அல்லர். அதன் குரலில் மனம் தோய்ந்தவர்கள். அவ்விருப்பமே காட்டுப் பறவைக்குக் கேடாய் முடிந்தது எவ்வாறு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2014ஆம் ஆண்டில் ஜகார்த்தாவின் மூன்று பறவைச் சந்தைகளில் மூன்று நாள் கணக்கெடுப்பு நடந்தது. 19,000-க்கும் மேற்பட்ட பறவைகள் அங்கே விற்பனைக்கு இருந்தன. இனங்கள் 200-க்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை சட்டம் வகுத்த அளவுக்குப் புறம்பாகப் பிடிக்கப்பட்டவை. வலையும் பசையும் கொண்டு பிடிக்கப்படும் பறவைகளில் பல, சந்தையை அடையுமுன்பே இறந்துவிடுகின்றன. மரங்கள் வெட்டுப்படாமலே காடு வெறுமையாகிறது.

வைக்கோல் நிறத் தலையையுடைய பெரிய புல்புல் பறவையை எடுத்துக்கொள்வோம். மலாய் மக்கள் அதனைப் பாராவ் பாராவ் என்பர். ஆற்றங்கரைப் புதர்களில் இருந்து உரத்துப் பாடும் அதன் குரலே, பிடிப்போர்க்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. தாய்லாந்தில் அவ்வினம் அற்றுவிட்டது. 2022இல் பனாமாவில் கூடிய அனைத்துலக மாநாடு, காட்டில் பிடித்த இப்பறவையை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதைத் தடைசெய்தது. இன்று சிங்கப்பூரில் சில நூறு பறவைகள் வாழ்கின்றன. புலாவ் உபின் அவற்றின் முதன்மைப் புகலிடம். பெருங்காடுகளில் வாழ வழியற்ற பறவைக்கு நகரத் தீவொன்று அடைக்கலம் தந்திருப்பது நமக்குப் பெருமை மட்டுமன்று, பொறுப்பும் ஆகும்.

மொழி வளர்க்கும் அவையில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பாடும் பறவைகள் முழுப்பாட்டையும் உடன்கொண்டு பிறப்பதில்லை. குஞ்சுகள் மூத்த பறவைகளிடம் கேட்டே கற்கின்றன. ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் தேனுண்ணி என்னும் பறவை, வாழிட அழிவால் மிக அருகிப்போனது. அதன் இளம் ஆண் பறவைகள் சில, தம் இனத்துப் பாட்டைக் கற்பிக்க மூத்தவை இன்றி, பிற இனங்களின் பாட்டைப் பாடுவதை 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வீட்டில் பேசுவோர் குறைந்தால் மொழி என்னாகும் என்பதை அறிந்த நமக்கு இச்செய்தி எளிதில் விளங்கும்.

வாங்குமுன் அப்பறவை கூண்டில் பொரித்ததா, காட்டில் பிடித்ததா எனக் கேட்போம். தெளிவான விடையும் உரிய சான்றும் இல்லையேல் வாங்காதிருப்போம். விடுமுறையில் ஒருநாள் நம் பிள்ளைகளை உபின் தீவுக்கு அழைத்துச் சென்று, அப்பாட்டை அது பிறந்த இடத்திலேயே கேட்கச் செய்வோம்.