மலைநாட்டு மைதானத்தில் ஒரு மருந்துப் பந்து



தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோரிடம் தேகாப்பியாசத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், சிலர் நகைக்கக்கூடும். "விடிந்தது முதல் மலையேறி இறங்குகின்றவர்களுக்கு வேறு பயிற்சி எதற்கு?" என்று அவர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இடுப்பிலே படங்கு, தலையிலே கூடைக் கயிறு, முதுகிலே கூடை. ஒரு நாட்பேருக்குப் பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் கொழுந்து கேட்கின்றனர். பாரம் ஏற ஏறக் கழுத்தும் தோளும் முன்னோக்கி வளைகின்றன. கைகளோ நாள் முழுவதும் மார்புக்கு முன்னாலேயே இயங்குகின்றன. அவற்றைத் தலைக்கு மேலே நீட்டவும், நெஞ்சை விரிக்கவும், ஒரு பொருளை விசையுடன் வீசவும் அந்த வேலையில் இடமில்லை. ஆகவே சில தசைகள் ஓயாது களைக்கின்றன. வேறு சில தசைகள் உறங்கிக் கிடக்கின்றன. வேலை வேறு, பயிற்சி வேறு என்று சொல்வது இதனாலேயே. வேலை, கொழுந்தின் நிறையைக் கணக்கிடுகிறது. பயிற்சி, உடலின் தேவையைக் கணக்கிடுகிறது.

உறங்கும் தசைகளை எழுப்புவதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. அதனை 'மெடிசின் பந்து' என்பர். நாம் மருந்துப் பந்து எனலாம். கூடைப்பந்தின் பருமனுள்ளது, ஆனால் உள்ளே பாரம் நிரப்பப்பட்டது. 1 கிலோ முதற்கொண்டு பல நிறைகளில் கிடைக்கும். ஈட்டி எறிவோரும், குண்டு போடுவோரும், குத்துச்சண்டை வீரரும் இதைக் கொண்டு பயில்கின்றனர்.

பெயர் புதிதாயினும் முறை நமக்கு அந்நியமன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்துக் கிராமங்களிலே இளவட்டக் கல் உண்டு. அந்த உருண்டைக் கல்லை முழங்காலுக்கும் மார்புக்கும் உயர்த்தி, தோளேற்றிப் பின்புறமாக வீழ்த்துபவனே வாலிபன் எனப்பட்டான். குறை ஒன்றே: கல் எல்லோர்க்கும் ஒரே நிறை. தூக்க இயலாதவன் வெட்கித் திரும்ப வேண்டியதுதான். பந்தோ அவரவர் வலிமைக்கேற்ற நிறையில் அமைகிறது. சிறுமியும் எறியலாம், முதியவரும் எறியலாம்.

ஒரு நாட்டின் தலைவரும் இதனை எறிந்திருக்கிறார். 1929 முதல் 1933 வரை ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாக விளங்கிய ஹெர்பர்ட் ஹூவரின் உடல் நலத்துக்காக, அவருடைய வைத்தியர் ஜோயல் பூன் ஓர் ஆட்டத்தை வகுத்தார். 8 அடி உயர வலையின் இருபுறமும் நின்று, 6 இறாத்தல் பந்தை எறிவதும், நிலத்தில் விழுமுன் பிடிப்பதும், பிடித்த இடத்திலிருந்தே திருப்பி எறிவதுமே ஆட்டம். வெள்ளை மாளிகைப் புல்வெளியிலே காலை 7 மணிக்கு அது நடைபெற்றது. ஆடவர் கரப்பந்தாட்டத்து வலையும் ஏறக்குறைய அதே உயரந்தான். ஆதலால் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கத்து இளைஞர்கள் தங்கள் கரப்பந்து மைதானத்திலேயே இதனை ஆடிப் பார்க்கலாம்.

இனிப் பயிலும் முறை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ளது; காலைக் குளிரில் தசைகள் இறுகியிருக்கும். எனவே முதல் பத்து நிமிடம் மெல்ல ஓடியும் கைகால்களைச் சுழற்றியும் உடலைச் சூடாக்குக. பிறகு நான்கு எறிகள். முதலாவது, மார்பிலிருந்து இரு கைகளாலும் நேரே தள்ளுதல். இரண்டாவது, தலைக்கு மேலிருந்து முன்னோக்கி எறிதல். மூன்றாவது, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் எறிதல். வலப்புறம் எத்தனையோ இடப்புறமும் அத்தனை. நான்காவது, முழங்கால் மடித்துத் தாழ்ந்து, எழும் விசையுடன் தலைக்கு மேலாகப் பின்னே எறிதல். இளவட்டக் கல்லின் இளைய தம்பி இது. பின்னால் எவரும் நிற்கலாகாது.

ஒவ்வொன்றும் எட்டுத் தடவை. இளைப்பாறி மீண்டும் ஒரு முறை. வாரத்தில் இரண்டு நாள் போதும். பாடசாலைச் சிறுவர்க்கு 1 கிலோ, வளர்ந்தோர்க்கு 2 அல்லது 3 கிலோ தொடக்கத்துக்குத் தகும். எறியின் வேகம் குன்றினால் பந்து பாரம் மிகுந்தது என்று அறிக. விசை கைகளில் மட்டும் பிறப்பதன்று. காலில் தொடங்கி, இடுப்பில் திரண்டு, கையில் முடிய வேண்டும்.

விலை கொடுத்து வாங்க இயலாதோர், பழைய கூடைப்பந்தில் சிறு கீறலிட்டு, உலர்ந்த மணலும் மரத்தூளும் நிரப்பி, இறுக ஒட்டிக் கொள்ளலாம். அதனை நிலத்தில் ஓங்கி அடித்தல் கூடாது, வெடித்துவிடும். லயத்துச் சுவரிலும் எறிய வேண்டாம்; அடுத்த காம்பராவில் தொட்டிற் குழந்தை உறங்கிக் கொண்டிருக்கும். மழை நாளில் பந்து வழுக்கும். அன்று உள்ளே நின்று, பந்தை மார்போடு அணைத்து உட்கார்ந்தெழுந்தால் போதும்.

கொழுந்தெடுத்துக் களைத்து வரும் தாய்மாருக்கு நான் பாரம் விதிக்க வரவில்லை. ஓய்வு நாளிலே 1 கிலோப் பந்தைத் தலைக்கு மேல் மெல்ல உயர்த்தி, நெஞ்சை விரித்து மூச்சு வாங்கினாலே நன்று. இடுப்பு வலியுடையோரும் கருவுற்றோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடுக.

முடிவாக ஒன்று. உணவின்றிப் பயிற்சி இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேராகவும், தோட்டப் பகுதியில் 32 பேராகவும் காணப்பட்டனர். வெறும் ரொட்டியும் சாயத் தேநீரும் தசையை வளர்க்க மாட்டா. பருப்பும் கடலையும் முட்டையும் கீரையும் வேண்டும். பிள்ளையின் கையில் பந்தைக் கொடுக்குமுன் அதன் தட்டைப் பாருங்கள்.

தலைமுறை தலைமுறையாக நம் உடல் வலிமை பிறர்க்கு ஏற்றுமதியாகும் தேயிலையாயிற்று. வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், அந்த வலிமை நமக்கென்றே இருக்கட்டும்.