கல்கியின் கடலும் பழவேற்காட்டுப் படகும்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் சங்கப் பாடல் பேசப்பட்டிருக்கிறது, புதுக்கவிதை பேசப்பட்டிருக்கிறது. வீரசாகசக் கதை எழுதிய ஒருவரை வாசகர் கொண்டாடிய கதையும் பேசத்தக்கதே. தமிழில் அக்கொண்டாட்டத்தைப் பெருமளவில் பெற்றவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அதன் பின் பிறந்த தலைமுறைகளும் அக்கதையை விடவில்லை.

மணியம் வரைந்த சித்திரங்களோடு வந்த பக்கங்களை வாரந்தோறும் கத்தரித்துச் சேர்த்து, தைத்து, அட்டை கட்டி வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. ஒருவர் உரக்கப் படிக்க, திண்ணையில் அமர்ந்து நால்வர் கேட்பர். எழுத்தறியாதவரும் இவ்வாறே வந்தியத்தேவனின் தோழர் ஆயினர். பிறந்த குழந்தைகளுக்கு அருள்மொழி என்றும் வானதி என்றும் பூங்குழலி என்றும் பெயர் வைத்தனர். காத்திருத்தலின் சுவை பழவேற்காட்டாருக்குப் புதிதன்று. கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக உண்டு. தன் முறை வரும் நாளை எண்ணிக் கரையில் இருப்பவன், அடுத்த இதழ் வரும் நாளை எண்ணியிருந்த வாசகனை எளிதில் அறிந்துகொள்வான்.

இக்கொண்டாட்டத்தின் இயல்பு சற்று ஆராயத்தக்கது. மேலைநாட்டில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துபவர் காட்டையும் கோட்டையையும் ஆபத்தையும் சொல்ல, மற்றவர் தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதைத் தாமே சொல்லிக் கதையை நகர்த்துவர். அதற்கென்றே சாகசக் களங்களை எழுதித் தருவோர் உண்டு. அவர்களுக்கு அன்பர் கூட்டமும் உண்டு. களத்தை எழுதியவர் பாதிக் கதையைத்தான் தருகிறார். மீதியை ஏற்று நடப்பவரே முடிக்கின்றனர். கல்கியின் அன்பர்கள் மேசையும் பகடையும் இன்றியே இதனைச் செய்தனர் எனலாம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையேறி வருகின்ற வந்தியத்தேவன் அரியணையில் அமர்ந்த நாயகன் அல்லன். ஓலை கொண்டு செல்லும் தூதன். துடுக்கானவன், அகப்பட்டுக்கொள்பவன், அகப்பட்ட இடத்திலிருந்து வாய்ச்சாதுரியத்தால் தப்புபவன். வாசகன் ஏறி அமர்வதற்கென்றே காலியாக விடப்பட்ட சேணம் அது. கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என அவன் சென்ற வழியே அன்பர்கள் இன்றும் குழுவாகப் பயணம் போகின்றனர். பயணக் கையேடாக அவர்கள் கொண்டு செல்வது நாவலையே.

ஆயினும் கடற்கரை வாசகருக்கு உரிய பாத்திரம் வந்தியத்தேவன் அன்று. அவர்களுக்குரியவள் பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காப்பவரின் மகள் அவள். 'லைட் ஹவுஸ் குப்பம்' என்றே பெயர் தாங்கிய ஊர் ஒன்று இந்த ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருக்கிறது. அங்கே பிறந்த பெண்ணொருத்தி அப்பாத்திரத்தைப் படிக்கும்போது வேறெந்த ஊராருக்கும் கிட்டாத நெருக்கம் கிட்டும். புதைசேற்றுக்கு நடுவே கால் வைக்கும் இடம் அறிந்தவள் பூங்குழலி. தன்னைத் துரத்தி வந்து சேற்றில் சிக்கியவனைக் காப்பாற்றுகிறாள். சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர் என்று காட்டிச் சிரிக்கிறாள். இடி விழுந்து கப்பல் எரிந்த இரவில், அலையில் தத்தளித்த இளவரசனையும் வந்தியத்தேவனையும் தன் படகில் ஏற்றியவள் அவளே. அரண்மனை மகளிர் எவருக்கும் கல்கி இத்தனை வேலை கொடுக்கவில்லை. அவள் பாடும் பாட்டில் வரும் துயரம் படகுத் தொழிலின் துயரமாக இன்றி நெஞ்சின் துயரமாகவே இருக்கிறது என்பதைக் கவிஞர்கள் கவனித்திருப்பர்.

போற்றுவோர் குறையும் சொல்ல உரிமையுடையவர். துடுப்பின் வீச்சும் இரவின் தனிமையும் கல்கியின் எழுத்தில் உண்டு. வலையின் கனம் இல்லை. பூங்குழலி மீன் பிடித்து விற்று வயிறு வளர்க்கும் காட்சி அவளது கதையில் இடம்பெறவில்லை. பழவேற்காட்டில் ஆழமற்ற நீரில் இருளர் குலப் பெண்கள் பனையோலைப் பறியை வாயில் கவ்வியபடி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். வீரம் என்று எவரும் அதற்குப் பெயரிடுவதில்லை. சாகசக் கதை ஒரு புயலை எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் இடுப்பளவு நீரில் நிற்பதை எடுத்துக்கொள்ளாது. இது கல்கி ஒருவரின் குறையன்று, அவ்விலக்கிய வகையின் குறை. நாகைச் சூடாமணி விகாரத்துக்குள் கடல் புகும் அத்தியாயங்களை 2004 டிசம்பர் 26க்குப் பின் படிக்கும் கரைவாசிக்கு அவை வெறும் சாகசமாக இரா. அன்று பேரழிவு கண்ட கரைகளில் அதே நாகப்பட்டினம் முதன்மையானது. பழவேற்காட்டுக் குப்பங்களிலும் அலை புகுந்தது.

பூங்குழலியின் முடிவு இதனினும் பெரிய வினா. பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனை அவள் ஏற்கிறாள். அவனே சோழ அரியணைக்கு உரியவன் என்று தெரியவர, படகுப்பெண் அரசியாகிறாள். இதனை உயர்வு என்று கொண்டாடியவர் பலர். கரையில் நின்று பார்க்கும்போது கடல் ஒரு நல்ல படகோட்டியை இழந்தது என்றே தோன்றும். அரண்மனைக்குள் அவள் எதனைச் செலுத்துவாள்? கல்கி அவளுக்குக் கொடுத்த பரிசு அவளிடமிருந்த ஒன்றைப் பறித்துக்கொண்டது.

இதனைக் கல்கியே ஓரளவு உணர்ந்திருந்தார் போலும். கதை சட்டென முடிந்துவிட்டது என்று குறைபட்ட நேயர்களுக்கு முடிவுரையில் அவர் பாத்திரம் பாத்திரமாக விடை எழுதினார். நேயரின் கேள்வியை மதித்து நூலுக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்த பெருந்தன்மை அது. விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். மேஜிக் லாண்டர்ன் குழு 1999இல் நாவலை மேடையேற்றியது. மணிரத்னத்தின் திரைப்படம் 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தது. அன்பர்கள் மீதிக் கதையை எழுதியும் நடித்தும் படமெடுத்தும் வந்திருக்கின்றனர்.

அந்த வரிசையில் ஏரிக்கரைக் கவிஞர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அரசியான பூங்குழலி ஒருநாள் அரண்மனை விட்டுக் கரைக்கு வருகிறாள் என்று கொள்வோம். முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடக்கிறது, ஏரிக்குள் கடல்நீர் வரவில்லை, இறால் இல்லை, பாட்டு முறைக்காகக் காத்திருப்பவர்கள் கரையில் அமர்ந்திருக்கின்றனர். அவள் முதலில் யாரிடம் பேசுவாள், என்ன கேட்பாள் என்பதை அடுத்த கூட்டத்துக்குள் எவரேனும் எழுதிக் கொண்டுவர வேண்டும்.