டாங்கிளைத் தூக்கிப் போடுமுன்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வீட்டுப் பரணில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் மக்கர் செய்தாலும் லினக்ஸ் ஓடும். ஆனால் டாங்கிளைச் செருகினால் இணையம் வராது. "டாங்கிள் போச்சு" என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

பல நேரம் அது பழுதே அல்ல. டாங்கிளுக்குள் விண்டோஸுக்கான மென்பொருளும் இருக்கிறது. அதனால் செருகியதும் அது தன்னை மோடம் என்று சொல்லாமல், சி.டி. டிரைவ் என்று சொல்லும். வங்கிக்காரன் பாஷையில், செயல்படாத கணக்கு மாதிரி. பணம் பத்திரமாக இருக்கிறது. கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை இவை:

1. டாங்கிளை நேரடியாகக் கணினியில் செருகுங்கள். நீட்டிப்பு வயரில் போட்டால் மின்சாரம் போதாமல் போகலாம். அரை நிமிடம் பொறுங்கள்.

2. டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளையைத் தட்டுங்கள். ஹுவாவே டாங்கிள் என்றால் 12டி1 என்ற எண் தெரியும். பக்கத்தில் 1446 இருந்தால் இன்னும் சி.டி. வேஷம்தான். 1001 போல வேறு எண் வந்தால் மோடமாகிவிட்டது.

3. மாறவில்லையா? திரையில் தெரியும் சி.டி. படத்தில் வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுங்கள். பல டாங்கிள்கள் இதற்கே மாறிவிடும்.

4. அதற்கும் மசியாவிட்டால் 'யுஎஸ்பி மோட்சுவிட்ச்' என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதை இறக்க இணையம் வேண்டுமே என்கிறீர்களா? கைப்பேசியைக் கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போட்டுக்கொள்ளுங்கள்.

5. நெட்வொர்க் அமைப்பில் 'மொபைல் பிராட்பேண்ட்' தேர்ந்தெடுத்து, சிம் நிறுவனத்தின் ஏ.பி.என். பெயரைக் கொடுங்கள். பி.எஸ்.என்.எல். என்றால் 'பிஎஸ்என்எல்நெட்'. சிம்முக்குப் பின் பூட்டு இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏர்டெல் 2020-இலேயே 3ஜி சேவையை நிறுத்திவிட்டது. ஜியோவில் 3ஜி இருந்ததே இல்லை. ஆகவே பழைய 3ஜி டாங்கிளில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல் சிம் 2ஜி வேகத்தில்தான் ஊர்ந்து போகும். விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்ட டாங்கிள்களும் உண்டு. புதிதாக வாங்கினால் 4ஜி பாருங்கள். அவற்றில் பல, லினக்ஸில் செருகியதும் நெட்வொர்க் கார்டாகவே தெரியும். மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் மங்களூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். அப்பா வேலைக்குக் கிளம்பினால் இணையமும் கூடவே கிளம்பிவிடும். பிள்ளை டி.என்.பி.எஸ்.சி.க்கு விண்ணப்பிக்க இரவு வரை காத்திருக்கும், இல்லையென்றால் கடைக்குப் போய்க் காசு கொடுக்கும். உங்கள் பரணில் தூங்கும் கணினியும் டாங்கிளும் அந்த வீட்டுக்குப் போனால் பகலெல்லாம் வேலை செய்யும். கொடுக்குமுன் உங்கள் கோப்புகளை அழித்துவிடுங்கள்.