மறுக்கத் தெரிந்த கருவி



மோட்டார் வண்டியின் வேகத்தை ஓட்டுநர் விரும்பிய அளவிலேயே நிலைநிறுத்தும் கருவியைக் 'குரூஸ் கண்ட்ரோல்' என்பர். தமிழில் வேகக் காப்பு எனலாம். இதனை ஆக்கித் தந்தவர் ரால்ப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலார். ஐந்து வயதிலேயே கண்ணொளி இழந்த அவர், 1950-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கிரைஸ்லர் நிறுவனத்தார் தம் 1958-ஆம் ஆண்டு வண்டிகளில் இதனை அமைத்தனர். சாலையைக் காண இயலாத ஒருவர், எண்ணற்ற ஓட்டுநர்களின் கால்களுக்கு ஓய்வளித்தார் என்பது வியப்புக்குரியதன்றோ?

இக்கருவியைப் பற்றிய ஒரு சிக்கலை இன்று ஆராய்வோம். அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் போற்றுவோர், தேய்ந்த எஞ்சினை அகற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவதுண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட எல்.எஸ். வகை எட்டுச் சிலிண்டர் எஞ்சின், இதற்குப் பெரிதும் விரும்பப்படுவது. மாற்றியபின் எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, விளக்கு எரிகிறது. வேகக் காப்பு மட்டும் வாய் திறப்பதில்லை. உடனே, 'பெட்டி கெட்டது' என்று முடிவு கட்டி வேறொரு பெட்டி வாங்குகின்றனர். அதுவும் மௌனம் சாதிக்கிறது. ஏன்?

அப்பெட்டி வெறும் ஏவலாள் அன்று, கண்டிப்பான காவலாளி. கேட்கும் சான்றுகள் அனைத்தும் கைக்கு வந்தாலன்றி அது கதவைத் திறவாது. ஒன்று குறையினும் மறுத்துவிடும். ஆகவே அதன் மௌனம் பெரும்பாலும் பழுதன்று; மறுப்பே. எந்தச் சான்று வந்து சேரவில்லை என்று தேடுவதே நம் பணி.

தேடுதலுக்கு ஒரு முறை வேண்டும். அவ்வண்டிக்குரிய மின்னிணைப்பு வரைபடத்தை முன்னே விரித்து, மல்டிமீட்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா? பியூஸ் நலமா? எர்த் கம்பி உறுதியாகப் பற்றியிருக்கிறதா? எஞ்சினை இறக்கும்போது கழற்றிய எர்த் கம்பியை மீண்டும் பூட்ட மறப்பது எளிது. இவை தேறியபின் சுவிட்சுகளை நோக்குங்கள்.

பிரேக்கு மிதியில் பல வண்டிகளில் இரு சுவிட்சுகள் உள. மிதித்தால் ஒன்று திறந்துகொள்ளும், மற்றது மூடிக்கொள்ளும். திறப்பது, வேகக் காப்பின் மின்சாரத்தை அறுக்கும். மூடுவது, பின்புற விளக்கை எரியச் செய்து, பெட்டிக்கும் செய்தி அனுப்பும். முன்னதன் கம்பி அறுந்தாலும் மின்சாரம் நிற்கும். வேகக் காப்பு விடுபடும். பழுது நேரினும் அப்பழுது பாதுகாப்பின் பக்கமே சாயுமாறு அமைத்தனர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரேக்கை மிதிக்காதபோது, சில பெட்டிகள் விளக்கின் இழை வழியே எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கும். விளக்கு இணையாவிடினும், இழை விளக்குக்கு மாற்றாக எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினாலும், அவ்வழி தென்படாமற் போகலாம். அப்போதும் பெட்டி மறுக்கும். பழுதை வண்டியின் முன்புறத்தில் தேடிக்கொண்டிருக்க, காரணம் பின்புற விளக்கில் இருக்கும்!

அடுத்த சான்று வேகம். இவ்வகை எஞ்சினோடு பொருத்தப்படும் ஒரு தானியங்கிக் கியர்பெட்டியில், வெளித்தண்டு ஒருமுறை சுழன்றால் 40 மின்துடிப்புகள் எழும். சக்கரம் ஒரு மைலுக்கு 750 சுற்றுச் சுற்றுவதாகவும், பின்னச்சின் பல்விகிதம் 3.42 எனவும் கொள்வோம். தண்டு 2,565 முறை சுழலும். துடிப்புகள் 1,02,600 ஆகும். வேகக் காப்புப் பெட்டியோ மைலுக்கு 4,000 துடிப்புகளையே எதிர்பார்ப்பது. இடையே எஞ்சினின் கணினி நின்று கணக்கை மாற்றித் தர வேண்டும். கணினியை விடுத்து நேரே கம்பியை இணைத்தால், மணிக்கு 40 மைல் வேகத்தில் செல்லும் வண்டி, 1,026 மைல் வேகத்தில் பறப்பதாகக் கணக்கு வரும். அதனை நம்பாத பெட்டியைக் குறை கூறலாமா? கணினி இடையே நின்றாலும், சக்கர அளவையும் பல்விகிதத்தையும் அதற்கு அறிவிக்காவிடின் கணக்குத் தவறும்.

சான்று கிடைக்காதபோது, 'இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிடு. வேலை முடிந்தது' என்று சிலர் வழி சொல்வர். பிரேக்குச் சுவிட்சைத் தாண்டிக் கம்பி பூட்டினால் கருவி இயங்கவும் கூடும். ஆனால் மழை நனைத்த சாலையில், எதிரே ஒரு குழந்தை ஓடிவர, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் கணத்தை எண்ணிப் பாருங்கள். அச்செய்தி பெட்டிக்கு எட்டாது. கால் நிறுத்த முயலும். எஞ்சின் முன்னே இழுக்கும். சேமித்த அரைமணி நேரத்தின் விலை ஓர் உயிராகலாம்.

எனவே பழுது நீங்கியபின் செய்ய வேண்டிய சோதனை, 'இயங்குகிறதா?' என்பது மட்டுமன்று, 'விடுபடுகிறதா?' என்பதும் ஆகும். வண்டி நிற்கையிலேயே மிதியை அழுத்தி, இரு சுவிட்சுகளும் நிலைமாறுவதை மீட்டரில் கண்டறிக. அதன்பின் ஆளரவமற்ற நேரான சாலையில் வேகக் காப்பை இயக்கிப் பிரேக்கை மெல்லத் தொடுக. அக்கணமே அது விலக வேண்டும். விலகினால்தான் வேலை முடிந்தது எனக் கருவிப் பெட்டியை மூடலாம்.