கூடி வாசித்தோர் கண்டெடுத்த காலம்



புலம்பெயர்ந்த இல்லங்களில் இரு குரல்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. "சங்கப் பாடல்கள் எங்களுக்கே விளங்குவதில்லை, பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது?" என்பது பெற்றோர் குரல். "தமிழ் பேசுவோம், வாசிக்கத் தெரியாது" என்பது இளையோர் குரல். இவ்விரு குறைகளும் ஓரிடத்தில் கூடி அமர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்வு சான்றாகும்.

1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அகவை ஏறத்தாழ 25. அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் நிரம்பக் கற்றிருந்தார். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். இல்லை என்பதே விடை. ஆயினும் ஆசிரியர் நாணி ஒதுங்கிவிடவில்லை. இருவரும் சேர்ந்து அந்நூலை வாசிக்கத் தொடங்கினர். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது, அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடி ஐயர் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையிலிருந்த மேற்கோள்கள் அவரை மேலும் பழைய நூல்களிடம் அழைத்துச் சென்றன. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இலேயே கலித்தொகையைப் பதிப்பித்திருந்தார். மறைந்துகிடந்த ஓர் இலக்கியக் காலம் இவ்வாறு மீண்டும் வெளிச்சம் கண்டது.

பின்னர் வந்தது மணிமேகலை. அக்காப்பியத்தைப் புரிந்துகொள்ளப் பௌத்த சமய அறிவு தேவைப்பட்டது. அதனை விளக்கும் நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஐயருக்கோ ஆங்கிலப் புலமை இல்லை. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் அவற்றைப் படித்துப் பொருள் கூறினார். ஒருவரது தமிழும் மற்றவரது ஆங்கிலமும் இணைந்து துணைநிற்க, 1898-இல் மணிமேகலை வெளிவந்தது.

இன்று புலம்பெயர்ந்த இல்லம் ஒவ்வொன்றிலும் அதே இணை உண்டு. பெற்றோரிடம் தமிழ் உண்டு. பிள்ளைகளிடம் வாழும் நாட்டின் மொழி உண்டு. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளே கொண்டவை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியாக அவை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றை ஏ. கே. இராமானுசன் 1967-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். வாரம் ஒரு பாடலைத் தாயோ தந்தையோ உரக்க வாசிக்கட்டும். பிள்ளை அதன் ஆங்கில வடிவை வாசிக்கட்டும். இரண்டும் வேறுபடும் இடத்தில் உரையாடல் பிறக்கும். செம்புலப் பெயனீராருக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று பிள்ளை கேட்கும். இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய உவமையாலேயே பெயர் பெற்ற புலவர் அவர் என்னும் விடையில் ஒரு புலவரும் அவர் காலமும் அறிமுகமாவர்.

எல்லாம் கற்ற பின்னரே கற்பிக்கலாம் என்று காத்திருப்போருக்குக் காலம் காத்திராது. தமிழைப் பிழையின்றி ஒலித்துக் காட்டும் தாத்தாவும் பாட்டியும் உடனிருக்கும் நாட்கள் சில. அந்நாட்களிலேயே ஏடு திறக்கப்படட்டும்.